துளை போடாத சுவர்

கரண்ட் ஒயர் வழியாக இன்டர்நெட் கொண்டுவரலாம் என்று நான் சொன்னபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "அப்ப கரண்டு போச்சுன்னா?" என்பது. அம்மா கேட்டது, "ஷாக் அடிக்காதா?" என்பது. நான் இருவருக்கும் சேர்த்து ஒரு சிரிப்பு சிரித்தேன். அப்பாவின் கேள்வியை அன்றைக்கே ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

ஆனி மாதக் கடைசியில் எனக்கு வளைகாப்பு நடந்தது. ஏழாம் மாதம். வழக்கப்படி அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், மெயின் ரோட்டில் இறங்கி ஷேர் ஆட்டோவில் உள்ளே போக வேண்டிய ஊர். நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பிரசவத்துக்கு முந்தின வாரம் வரை அம்மா வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கியிருந்தேன். அதில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பிரசவ விடுப்பு மொத்தத்தில் இவ்வளவுதான் என்று ஒரு அளவு உண்டு. பிள்ளை பிறப்பதற்கு முன்பே அதை எடுக்க ஆரம்பித்தால், பிறந்த பிறகு பிள்ளையோடு இருக்கும் நாட்கள் குறையும். வயிற்றில் இருக்கும்போது அது என்னோடுதானே இருக்கிறது, அதற்கு எதற்கு லீவு? வெளியே வந்த பிறகுதான் எனக்கு லீவு வேண்டும். ஒரு நாளைக்கூட விட்டுக்கொடுக்கிற மனநிலையில் நான் இல்லை.

ஏனென்றால் இது இரண்டாவது. முதலாவது நான்காம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் சென்னை வாடகை வீட்டில் ஏசி மாட்டுவதற்காகச் சுவரில் ஒரு பெரிய துளை போட்டார்கள். ஏசி வந்தாயிற்று, ரூம் ஜில்லென்று இருக்கிறது என்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சந்தோஷமாகச் சொன்னேன்.  அம்மா, "சரி, நல்லாப் போத்திக்கிட்டுப் படு" என்று மட்டும் சொன்னாள். மாசமாக இருக்கிற பெண் உள்ள வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டாக்டர் தெளிவாகச் சொன்னார், கரு சரியாகவே உருவாகவில்லை, யார் என்ன செய்திருந்தாலும் தங்கியிருக்காது என்று. நான் படித்தவள், புரிந்துகொண்டேன். அம்மா அதன்பிறகு ஒரு நாளும் அந்த ஏசியைப் பற்றிப் பேசவில்லை. அம்மா பேசாமல் விட்ட விஷயம் இந்த உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்வீட்டை முதலில் கட்டினார். பிறகு அதன் பின்சுவரை ஒட்டி, வாடகைக்கு விடுவதற்காக ஒரு ஹாலும் ஒரு ரூமும் சேர்த்துக் கட்டினார். அதுதான் பின்வீடு. அதற்கு வாசல், பக்கத்துச் சந்து வழியாக. முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் இடையில் அந்த ஒரே சுவர், கதவோ ஜன்னலோ கிடையாது. குடியிருந்த வாத்தியார் குடும்பம் மாற்றலாகிப் போன பிறகு பின்வீடு காலியாகக் கிடந்தது. வெஸ்டர்ன் டாய்லெட் இருப்பது அங்கே மட்டும்தான். ஏழு மாத வயிற்றோடு எனக்கு வேறு எந்த வசதியும் பெரிதாகத் தெரியவில்லை. நான் பின்வீட்டில் குடியேறினேன்.

நெட் பெட்டி முன்வீட்டு ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில் இருந்தது. வைஃபை முன்வீட்டில் எல்லா இடத்துக்கும் வரும். பின்சுவரை ஒட்டிய ரூமில் இரும்பு பீரோ, நெல் டிரம், அம்மா சீதனமாகக் கொண்டுவந்த பாத்திரங்கள் என்று ஒரு தடுப்பே இருக்கிறது. அதைத் தாண்டி என் மேஜைக்கு வந்து சேரும்போது வைஃபைக்கு உயிர் இருக்காது. செல்போன் டவரோ காற்று அடிக்கிற திசையைப் பொறுத்து வேலை செய்யும். மீட்டிங்கில் நான் பேச ஆரம்பித்தால் பாதியில் அப்படியே உறைந்து நிற்பேன் என்று சென்னையில் சொன்னார்கள். வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கும் என் படத்தை ஒரு புண்ணியவான் எடுத்து குரூப்பில் போட்டிருந்தான்.

சுவரில் ஒரு துளை போட்டு ஒரு கேபிளை இழுத்தால் தீர்ந்தது. கேபிள் பையன் வந்து பார்த்துவிட்டு அதைத்தான் சொன்னான். அம்மா அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தாள். "பிள்ளை பெறந்து முப்பது கழியட்டும். அப்புறம் நீ சுவத்தையே பேத்துக்க" என்று என்னிடம் சொன்னாள். கிளிப் அடிக்கவும் கூடாது. ஆணி என்றால் அது சின்ன ஆணியாக இருந்தாலும் ஆணிதான்.

அப்பா கேபிளைச் சந்து வழியாகத் தரையில் போட்டுக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு வெள்ளாடு அதைக் கடித்துப் பார்த்தது. பிடித்துவிட்டது போல, ஒரு முழம் தின்றிருந்தது. ஆட்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களிடம் சண்டைக்கு வந்தார்கள். அடுத்த கேபிளை அப்பா மொட்டைமாடி வழியாகக் கொண்டுவந்தார். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்று தகரக் கூரையையே தூக்கும், கிளிப் அடிக்காத ஒயர் அதற்கு எம்மாத்திரம். ஒரே நாளில் இழுத்து ஆட்டி, ஒயர் சொருகும் இடத்தையே பிய்த்துப் போட்டது.

சென்னையில் என் டீமை நடத்துகிறவர் ஒரு பெண்மணி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் சொன்னதும் நியாயம்தான். நாங்கள் பல மாதமாகச் செய்த வேலையைக் கஸ்டமருக்குக் காட்டும் நாள் வருகிறது, அதை விளக்கிச் சொல்ல வேண்டியவள் நான். அதற்குள் லைன் சரியாகாவிட்டால் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நான் அன்றைக்கே விடுப்பில் போய்விடுவது நல்லது என்றார். "உனக்கும் ரெஸ்ட் கிடைக்குமே" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த ரெஸ்டைப் பற்றி நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் என் கணவர் பவர்லைன் அடாப்டர் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து ஆன்லைனில் வாங்கி அனுப்பினார். கூரியர்காரர் எங்கள் ஊருக்கெல்லாம் வர மாட்டார், டவுனுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார். அப்பா பஸ்ஸில் போய் வாங்கிவந்தார். பெட்டிக்குள் வெள்ளையாக இரண்டு தடித்த பிளக்குகள். ஒன்றை நெட் பெட்டிக்குப் பக்கத்தில் சொருகி, சின்னக் கேபிளால் பெட்டியோடு இணைக்க வேண்டும். இன்னொன்றை வீட்டில் வேறு எந்த ரூமிலும் சொருகி, அதிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கேபிள் கொடுக்கலாம். நடுவில் ஏற்கெனவே சுவருக்குள் ஓடுகிற கரண்ட் ஒயர்தான் பாதை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகக் கூடாது, நேராகச் சுவர் பிளக்கில் சொருக வேண்டும். துளை இல்லை, ஆணி இல்லை. அம்மாவுக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. முன்வீட்டு ஹாலிலேயே இரண்டையும் சொருகிப் பார்த்தேன். இரண்டிலும் மூன்று பச்சை விளக்குகள் எரிந்தன. லேப்டாப்பில் நெட் பாய்ந்து வந்தது. அப்பா கைதட்டினார்.

ஒன்றைக் கழற்றிக்கொண்டு பின்வீட்டுக்கு வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் சொருகினேன். ஒரு விளக்குதான் எரிந்தது. கரண்ட் வருகிறது என்பதற்கான விளக்கு. ஹாலில் இருந்த பிளக்கில் சொருகிப் பார்த்தேன். அதே ஒற்றை விளக்கு. கூடவே வந்த தாளை எடுத்து, முதலில் படிக்காமல் விட்டதைப் படித்தேன். இரண்டு பிளக்கும் ஒரே மீட்டருக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

பின்வீட்டுக்குத் தனி மீட்டர். அதை வாங்க அப்பா அலைந்த அலைச்சல் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். குடியிருப்பவர்கள் அவரவர் பில்லை அவரவர் கட்டிக்கொள்ளலாம், சர்க்கார் தருகிற இலவச யூனிட்டும் இரண்டு மீட்டருக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். எங்கள் பக்கத்தில் கொஞ்சம் விவரமாக வீடு கட்டுகிற யாரும் செய்வதுதான். வந்தவர்களை எல்லாம் கூட்டிப்போய் அந்த இரண்டு மீட்டரையும் காட்டுவார். இப்போது விஷயத்தைச் சொன்னதும் போய் அவற்றின் முன்னால் நின்றார்.

"ரெண்டையும் ஒண்ணாக்க முடியாதா தாயி?"

"அதுக்கு எழுதிக் கொடுத்து, அவுக வந்து பாக்குறதுக்குள்ள பிள்ளை ஸ்கூலுக்குப் போயிரும்ப்பா."

அவர் சிரிக்கவில்லை. மீட்டர் பெட்டியின் தூசியைத் துண்டால் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் நான் போனில் பேசிக்கொண்டிருந்ததை அம்மா கேட்டிருக்க வேண்டும். லீவு குறைகிறதைப் பற்றிக் கணவரிடம் கத்திக்கொண்டிருந்தேன், பிறகு அழவும் செய்தேன். சாயங்காலம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே அப்பாவிடம், "என்னங்க, ஒயர்மேனை வரச் சொல்லுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"ஓட்டை போடத்தான். நான் இவளைக் கூட்டிக்கிட்டுத் திருச்சுழி கோயிலுக்குப் போயிட்டு வாரேன். இவ வீட்ல இல்லாதப்பப் போட்டா ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லை என்று அவள் நம்பிச் சொன்ன மாதிரி எனக்குத் தெரியவில்லை. குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது. அம்மா சாதாரணமாகப் பேசினாலே நாங்கள் கொஞ்சம் உஷாராவோம். ஆனாலும் நான் மறுப்புச் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது அதுதானே.

ஒயர்மேன் காலையிலேயே வந்துவிட்டார். அப்பாவுக்குப் பழக்கமானவர், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். பின்வீட்டு ஹாலில் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, சுவிட்சு போர்டுக்கு மேலே காதில் சொருகியிருந்த பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டார். அம்மா ஒரு பையில் தேங்காய் பழத்தோடு சந்து முனையில் நின்றாள், ஷேர் ஆட்டோவைக் கூட நிறுத்திவைத்துவிட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் டிரில் மெஷினை ஓடுகிறதா என்று ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். சுவரில் கூட வைக்கவில்லை, வெறும் காற்றில்தான்.

  அந்தச் சத்தம் கேட்டதும் ஒரு செருப்போடு உள்ளே ஓடினேன்.

"அண்ணே, வேணாம்ணே."

"என்ன தங்கச்சி? அஞ்சு நிமிசம். நீ போயிட்டு வாரதுக்குள்ள பூசிக்கூடக் குடுத்துருவேன்."

"வேணாம். அது வந்து, மழை பெஞ்சா அந்த ஓட்டை வழியா ஒழுகும்."

அவர் மெஷினை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு வெளியே, வெயில் கொளுத்திக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தார்.

"மழையா? இங்கயா?"

அப்பா அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். ஆட்டோக்காரர் ஒரு பாட்டம் முணுமுணுத்துவிட்டுப் போனார். அம்மா பையோடு வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவளோ தேங்காயை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு என் மேலேயே கோபமாக வந்தது. டாக்டர் சொன்னதை வரிக்கு வரி ஒப்பிக்கத் தெரிந்தவள் நான். அன்றைக்கு அந்த வரிகள் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

லீவு எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். அடுத்த நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாள். காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். வேலை எதுவும் ஓடாது. கட்டிலில் படுத்துக்கொண்டு, போனில் கடிதத்தை அடித்துக்கொண்டிருந்தேன். போனில் சார்ஜ் குறைவாக இருந்ததால் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற பிளக்கில் சொருகி வைத்தேன். கரண்ட் இல்லை என்பது மறந்துபோய், பழக்கத்தில் கை சொருகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சார்ஜ் ஏறியிருந்தது.

எழுந்து உட்கார்ந்தேன். தலைக்கு மேலே ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்பா! கரண்டு இல்லைல்ல?"

"இல்ல தாயி. ஏன்?"

"அப்ப இந்த பிளக்குல எப்படிக் கரண்டு வருது?"

அப்பா சந்து வழியாக வந்து பிளக்கைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே ஞாபகம் வந்தது. வாத்தியார் குடியிருந்தபோது அவர் மனைவிக்குப் பச்சைப் பிள்ளை. கரண்ட் போகும்போதெல்லாம் பிள்ளை வேர்த்து அழுகிறது என்று அந்த அம்மா சொல்லப்போய், முன்வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு தனி லைனை அப்பா பின்வீட்டுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு ஃபேன், ஒரு லைட், கதவோரம் ஒரு பிளக். கட்டும்போதே கான்கிரீட்டுக்குள் பதித்த குழாய் ஒன்று கூரை வழியாக இருந்திருக்கிறது, அதற்குள் அந்த இரண்டு ஒயரைத் திணித்திருந்தார்கள். இன்னொரு ஒயர் நுழைய இடமில்லை. எங்களுக்கு வேண்டியதும் இன்னொரு ஒயர் இல்லை. சுவரின் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, மீட்டர் பேதமில்லாமல் ஒரு லைன் ஓடிக்கொண்டிருந்தது. நான் மேஜைக்குப் பக்கத்திலும் ஹாலிலும் முட்டிக்கொண்டிருந்தேன், கதவோரத்துப் பிளக்கைப் போன் சார்ஜுக்கு மட்டும் வைத்திருந்தேன்.

முன்வீட்டு ஹாலில், நெட் பெட்டிக்குப் பக்கத்து இன்வெர்ட்டர் பிளக்கில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சொருகியிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு அடாப்டரை நேராகச் சொருகினோம். நெட் பெட்டியின் கரண்ட் ஒயரை அடாப்டரிலேயே இருக்கிற பிளக் துளையில் சொருகினோம். நான் பின்வீட்டுக்கு வந்து கதவோரத்தில் குனிய முடியாமல் குனிந்து மற்றதைச் சொருகினேன். முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவது எரிந்தது. மூன்றாவது கொஞ்சம் யோசித்துவிட்டு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற அப்பாவின் கேள்விக்கு அதுதான் பதில். நெட் கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் வரும். சாயங்காலம் கரண்ட் வந்ததும் அது பச்சைக்கு மாறியது. அடித்து வைத்திருந்த கடிதத்தை அழித்தேன்.

மேஜையை அப்பாவும் அம்மாவும் கதவோரத்துக்கு நகர்த்திக் கொடுத்தார்கள். கஸ்டமருக்குக் காட்டும் நாளில் நான் ஒரு முறைகூட உறைந்து நிற்கவில்லை. நடுவில் பக்கத்து வீட்டு வெள்ளாடு கத்தியது மட்டும் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. முடிந்ததும் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பினால், அம்மா மோரோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. மோரை நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"அன்னைக்கு மழை ஒழுகும்னு சொன்னியே."

"ஆமா."

"ஏசிக்கு ஓட்டை போட்டாங்களே, அதத்தான நெனச்ச?"

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ அதை நெனைக்கலையாம்மா?"

"நான் நெனைக்காத நாளு இல்ல. எங்க வாய் தவறி உங்கிட்டச் சொல்லிருவேனோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "படிச்ச பிள்ளை, டாக்டரு சொன்னதை நம்பிட்டா, அந்த ஒரு பாரமாவது இவளுக்கு இல்லைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அன்னைக்கு நீ உள்ள ஓடுனப்பத்தான் தெரிஞ்சுது. இத்தனை நாளா நீயும் சுமந்துக்கிட்டுத்தான இருந்திருக்க."

 அம்மா என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, வீங்கியிருந்த கணுக்காலை அமுக்கிவிட ஆரம்பித்தாள். டாக்டர் சொன்னது என்ன என்று கேட்டாள். இதற்கு முன்பு அவள் கேட்டதே இல்லை. நான் முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல் சொன்னேன். சொல்லும்போது எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பிள்ளை புரட்டாசியில் பிறந்தாள். லீவு முழுசாக என் கையில் இருந்தது. முப்பது கழிந்ததும் ஒயர்மேன், "இப்பப் போட்டுரலாமா தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். எதற்கு, நெட்தான் நன்றாக வருகிறதே என்று அம்மா அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். அந்த வருடம் ஐப்பசியில் எங்கள் ஊரில் நல்ல மழை. ஒரு நாள் சாயங்காலம் அடித்துக் கொட்டியபோது நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பின்வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா சுவிட்சு போர்டுக்குப் பக்கத்தில் போய், பென்சில் வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஒழுகலடி" என்றாள்.